இருபத்தைந்தாவது பெயர்

மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. பள்ளிக்கூட ஆபீஸில் காகிதமெல்லாம் நமத்துப்போய், பேனா வைத்த இடத்தில் மை ஊறிப் பரவியது. அதனால்தான் கிளார்க்கம்மா பென்சிலைக் கையில் எடுத்தாள் என்று சொல்ல முடியாது. வெயில் அடித்தாலும் அவளுக்கு முதலில் பென்சில்தான். கணக்கெடுப்புப் படிவத்தைப் பென்சிலில் நிரப்பி, இரண்டு தடவை கூட்டிப் பார்த்து, ஹெச்.எம். தலையாட்டிய பிறகு மையில் எழுதி, பென்சில் தடத்தை ரப்பரால் அழித்து, ஊதி, உள்ளங்கையால் தட்டிவிட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். பதினெட்டு வருஷப் பழக்கம்.

வருஷத்துக்கு ஒரு தடவை மேலிடத்திலிருந்து வரும் படிவம் அது. பள்ளியில் எந்த ஜனத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டில் என்ன பேச்சு பேசுகிறார்கள் என்று ஏழு கட்டம். ஒன்று, ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். இரண்டு, மில் வந்த காலத்தில் சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். மூன்று, கடல்புறத்துக்காரர்கள். நாலும் ஐந்தும் எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். மற்றவர்கள் காதுக்கு இரண்டும் ஒரே பேச்சுதான். ஆறு, மலைக்காரர்கள். ஏழு, மற்றவர்கள். ஏழில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஏழுக்கே தெரியாது.

படிவத்தில் இருந்த நம்பர் எப்படியோ ஆபீஸ் ஜன்னலைத் தாண்டி வெளியே போய்ப் பிள்ளைகள் வாயில் ஏறிக்கொண்டது. "டேய் மூணு, பந்தைப் போடுடா" என்பார்கள். "அந்த அஞ்சுகிட்ட ஸ்கேல் இருக்கு, வாங்கிக்கோ" என்பார்கள். விளையாட்டில் அது செல்லப் பெயர். சண்டை வந்தால் அதே நம்பரைச் சொல்கிற தோரணை வேறு. அதிலும் ஆறு என்று சொல்லும்போது சிலருக்கு மூக்கே சுளிந்துவிடும்.

கிளார்க்கம்மா ஆறாம் கட்டத்தைக் கூட்டினாள். ஆறாம் வகுப்பில் ஐந்து, ஏழாம் வகுப்பில் ஏழு, எட்டில் நாலு, ஒன்பதில் மூன்று, பத்தில் ஐந்து. இருபத்துநாலு. மேலிருந்து கீழே கூட்டியது போதாதென்று கீழிருந்து மேலே கூட்டினாள். எப்படிப் போனாலும் இருபத்துநாலில்தான் வந்து நின்றது.

விதி இதுதான்: ஒரு கட்டத்தில் இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தால் அந்தப் பேச்சுக்கு ஒரு ஆசிரியர் உண்டு. இருபத்துநாலு இருந்தால் கிடையாது. பாதி ஆசிரியர், முக்கால் ஆசிரியர் என்றெல்லாம் மேலிடத்தில் வைத்துக்கொள்வதில்லை. போன வாரம் வரைக்கும் சரியாக இருபத்தைந்து இருந்தது. திங்கட்கிழமை ஒரு பிள்ளைக்கு டி.சி. கொடுத்தாயிற்று. கொடுத்தது வேறு யாருமில்லை, கிளார்க்கம்மாவே தன் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

கணக்கெடுப்பு வாரத்தில் யாருக்கும் டி.சி. கொடுப்பதில்லை என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் எழுதாத சட்டம். கேட்டு வருகிறவர்களுக்கு ஹெச்.எம். லீவில் இருப்பார். உள்ளே உட்கார்ந்து தும்மினாலும் லீவுதான். "அடுத்த வாரம் வாங்க" என்று முகத்தை நீட்டிக்கொண்டு சொல்வது கிளார்க்கம்மாவின் வேலை. பதினெட்டு வருஷமாகச் சொல்லிவந்த ஆள், திங்கட்கிழமை காலையில் ரோடு வேலை செய்யும் ஒரு மலைக்காரர் நனைந்த மூட்டையோடும் மகளோடும் வந்து நின்றபோது சொல்லவில்லை. பத்தே நிமிஷத்தில் எழுதி, ஹெச்.எம்.மிடம் ஓடி, சீல் குத்தி, கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான். கிளார்க்கம்மாவும் மலைக்காரி. பள்ளிக்கூடத்தில் இது ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன புதிதில் அவள் வீட்டுக்காரர், "எங்க அக்காவுக்கு மலைக்காரங்கன்னாலே ஆகாது. கிழக்குப் பக்கம்னு சொல்லிக்கோ, சொந்தம்னு யாரும் இல்லேன்னு சொல்லிக்கோ. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. வீட்டில் சொன்ன பொய்யை வேலை செய்கிற இடத்திலும் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பொய்க்கு இரண்டு முகவரி இருக்க முடியாது. அதனால் மலைக்காரர் யார் ஆபீஸுக்கு வந்தாலும், அவர்கள் நாலு வார்த்தை பேசி முகத்தை உற்றுப் பார்ப்பதற்குள் வேலையை முடித்து அனுப்பிவிடுவாள். எல்லோரையும் காக்கவைக்கும் கிளார்க்கம்மா அவர்களை மட்டும் காக்கவைக்க மாட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அது பெரிய தயவு போலத் தெரியும்.

ஹெச்.எம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. பிரஷர் மாத்திரையை எப்போது போட்டோம் என்பதைத் தவிர வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பாத மனுஷன்.

"ஆறுல ஒண்ணு குறையுதேம்மா."

"ஆமா சார்."

"எப்பவும் இந்த வாரம் நான் லீவுலதானே இருப்பேன்? நீ ஏம்மா அவசரப்பட்டே?"

"கை தவறிடுச்சு சார்."

"அந்தப் பேரையே வெச்சுக்கிட்டா?"

"அங்க சேர்த்த அன்னிக்கே கம்ப்யூட்டர்ல ஏறிடும் சார். ஒரே பிள்ளை எப்படி ரெண்டு ஸ்கூல்ல படிக்குதுன்னு உங்களைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"ஐயோ, வேண்டாம்மா." அவர் படிவத்தைத் தள்ளி வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அதன் பின்பக்கத்தைத் திருப்பினார். "இங்க பாரு, ஒரு வழி இருக்கு. பிள்ளையோட அம்மா, அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்தப் பேச்சுக்காரரா இருந்தாப் போதும். ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டா அந்தக் கட்டத்துல சேர்த்துக்கலாம். அப்படி யாராவது இருக்காங்களா, நல்லா யோசிச்சுப் பாரு. உனக்குத் தெரியாத குடும்பமா?"

கிளார்க்கம்மாவின் மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அப்பா வழியில் இரண்டாம் கட்டம்.

"பார்க்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்றை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மலைப்பேச்சு டீச்சர் குடையை மடக்கிக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தவள். மாடிப்படிக்குக் கீழே, விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையைத் தட்டிப் பெருக்கிக் கொடுத்திருந்தார்கள் அவளுக்கு. நெட்டும் மட்டையும் ஒரு பக்கம், கரும்பலகை ஒரு பக்கம். அவள் வருவதற்கு முன்னால் மலைப் பிள்ளைகளில் பத்தாவது வரைக்கும் வந்து சேர்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் பாடம் புரியாமல் ஜன்னலைப் பார்த்தே இரண்டு மூன்று வருஷத்தைக் கழித்துவிட்டு, அப்பாவோடு தார் ஊற்றப் போய்விடுவார்கள். போன வருஷம் ஒன்பது பேர் பத்தாவது எழுதி எட்டுப் பேர் தேறினார்கள். இந்தக் கணக்கும் கிளார்க்கம்மா எழுதியதுதான்.

"கூட்டிட்டீங்களா மேடம்?"

"இன்னும் முடியலை டீச்சர். நாளைக்குத்தான் அனுப்பணும்."

"எனக்காகக் கேக்கலை மேடம். என்னை எங்க தூக்கிப் போட்டாலும் அங்க எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். ஏழாவதுல மூணு பிள்ளைங்க இப்பதான் வாயைத் திறந்து சந்தேகம் கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. இன்னொரு வருஷம் கிடைச்சா நிமிர்ந்துடுவாங்க. அதான்."

"ம்."

டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசலில் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கியது. பிறகு, "வரேன் மேடம்" என்று போய்விட்டாள்.

வீட்டில் குனிந்துதான் நடக்க முடிந்தது. நாத்தனார் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துணி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவள். மழை வாரத்தில் இருக்கிற இரண்டு அறையிலும் கயிறு கட்டி, ஊராருடைய சட்டையும் பாவாடையும் தலைக்கு மேல் தொங்கும். ஈரத்துணி வாடையும் சூடான இஸ்திரி வாடையும் கலந்து, சமையல் வாடையே தெரியாது. வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். குழாயடியில் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தேய்த்தாலும் நகத்துக்கு அடியில் கருப்பு போகாது. தேய்ப்பதையும் அவர் விடுவதில்லை.

மகள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மூன்று நாளாக அவளுக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"சாப்பிடுடி."

"நீதானே அவளுக்கு டி.சி. எழுதிக் கொடுத்தே?" மூன்று நாளில் அதுதான் முதல் வார்த்தை. டி.சி. வாங்கிக்கொண்டு போன பெண் இரண்டு வருஷமாக இவள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. செவ்வாக்கிழமை போய் உக்காந்தா பக்கத்துல காலி. மிஸ் அட்டென்டன்ஸ்ல அவ பேரைத் தாண்டிப் போறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அது ஆபீஸ் விஷயம்டி."

"அவ ஒண்ணும் ஆபீஸ் விஷயம் இல்ல."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை ஒரு காலர்மேல் அழுத்திக்கொண்டே, "போனாப் போறா, விடு. மலைக்காரப் பொண்ணுக்கா இவ்வளவு அழுகை? உன் டிபன்ல பாதியை ரெண்டு வருஷமா தின்னவ" என்றாள்.

"அவளும்தான் எனக்குக் கொடுத்தா அத்தை."

"கொடுப்பாங்க, கொடுப்பாங்க. என் வீட்டுக்காரர் மில் கேட்ல கொடி பிடிச்சுக்கிட்டு நாப்பது நாள் நின்னார். நாப்பத்தோராவது நாள் பின் கேட் வழியா லாரியில வந்து இறங்கினாங்க அவங்க. அந்த மனுஷன் அதுக்கப்புறம் ஒரு வேலையிலும் நிலைக்கலை, நெஞ்சு வெடிச்சுப் போய்ச் சேர்ந்தார். எனக்குத் தெரியும் அவங்க கொடுத்தது என்னன்னு."

இந்தக் கதையை அந்த வீட்டில் எல்லோரும் நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். கிளார்க்கம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பாள். அன்றைக்கு அவளுக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது, அது தீர்ந்துபோயிருந்தது. கைப்பையிலிருந்து உறுதிமொழிப் படிவத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

குழாயடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். படிவத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "இப்ப எதுக்கு அது?"

"வேற எப்ப?"

"இத்தனை வருஷமா இல்லாத அவசரம்..."

"இத்தனை வருஷமும் அவசரம்தான். உங்களுக்குத்தான் இல்ல." அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நான் கிழக்குப் பக்கம் இல்ல அண்ணி. நான் மலைக்காரி."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். எந்தக் கோபத்திலும் கரண்டை மிச்சம்பிடிக்கிற பொம்பளை. பிறகுதான் உட்கார்ந்தாள்.

"எந்த மலை?"

"அந்த மலைதான்."

"லாரியில வந்தவங்க..."

"எங்க அப்பாவும் அதுல வந்தவர்தான் அண்ணி. ஸ்ட்ரைக்குன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லலை. வேலை இருக்கு, ஏறுன்னாங்க, ஏறிட்டாங்க. எட்டு மாசம் பஞ்சுல நின்னுட்டு, நெஞ்செல்லாம் அடைச்சுப் போய்த் திரும்பி வந்தார். அதுக்கப்புறம் அவரும் எழுந்திருக்கலை."

வீட்டுக்காரர் ஈரக் கையோடு நிலைப்படியில் நின்றார். உள்ளே வந்தால் ஒரு பக்கம் உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"சொந்தம்னு யாருமே இல்லேன்னானே இவன்" என்றாள் நாத்தனார்.

"அம்மா இருந்தாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி போயிட்டாங்க. ஆபீஸ் ட்ரெய்னிங்னு சொல்லிட்டு ரெண்டு நாள் போனேனே, அதுதான்."

"ரெண்டு நாள் ட்ரெய்னிங்..." நாத்தனார் கணக்குப் போட்டாள். "வந்த அன்னிக்குத் தலைவலின்னு படுத்தே. நடிக்கறேன்னு சொல்லி, எழுப்பி, அவ்வளவு துணியையும் உன்னைத் துவைக்க வெச்சேன்."

"ஆமா அண்ணி."

"ஒண்ணும் சொல்லாம துவைச்சே."

"ஆமா."

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தா உன்னை இந்த வீட்டுக்குள்ள விட்டிருப்பேனான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்குத் துணி துவைக்க விட்டிருக்க மாட்டேன்." எழுந்து உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை, விளக்கையும் போடவில்லை.

கிளார்க்கம்மாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கு இடமில்லாமல் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஆறா?"

"அப்பா வழியில ரெண்டு. என் வழியில ஆறு. எதை வேணாலும் எழுதலாம்னு விதி இருக்கு. இருபத்துநாலு பேருதான் இருக்காங்க கண்ணு. உன் பேரை எழுதினா இருபத்தஞ்சு ஆயிடும். டீச்சர் போக வேண்டியதில்லை."

"எனக்கு அந்தப் பேச்சுல ஒரு வார்த்தை தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் தெரியாது?"

கிளார்க்கம்மா படிவத்தின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவினாள்.

"ரெண்டு வருஷம் எம்பக்கத்துல உக்காந்திருந்தாம்மா அவ. வந்த புதுசுல ஒண்ணும் புரியாம முழிப்பா. என் நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவா. அவளுக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவ பேச்சுல சொல்லியிருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா? சொல்லிக்கொடுக்க ஆளு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு. இப்ப அவளை அனுப்பிச்சிட்டு, அவ இடத்துல என் பேரை எழுதப் போறியா?"

"அவளுக்காக இல்ல. மிச்சம் இருக்கிறவங்களுக்காக."

"நாளைக்கு என்னை என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா?"

"தெரியும்."

"உனக்குத் தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும். நானே எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "அவளையே முதல் வருஷம் கூப்பிட்டேன். அப்புறம்தான் நிறுத்தினேன்."

வீட்டுக்காரர் நிலைப்படியிலிருந்தே, "சின்னப் பொண்ணு, அவளை ஏன் இழுக்கறே? பரீட்சை வேற வருது" என்றார்.

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள் மகள். "நீ பயந்து ஒளிச்சு வெச்சதை என் தலையில தூக்கி வைக்காதம்மா. கையெழுத்து உன்னுது, போடறதுன்னாப் போடு. என்னைக் கேட்டா, வேண்டாம். என்னைக் கேட்டியா, கேக்கலையா?"

"கேட்டேன்."

"அப்ப வேண்டாம்."

தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது. கிளார்க்கம்மா அதை மூடி வைத்தாள். மகள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. தான் மட்டும் துணிந்து வெளியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சாயங்காலம் முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். துணிய வேண்டிய நேரத்தில் துணியாமல் இருந்துவிட்டு, இப்போது பிள்ளையின் துணிச்சலைக் கடன் கேட்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாளும் மழை. காலையிலிருந்து படிவம் மேஜையில் இருந்தது. உறுதிமொழித் தாளும் பக்கத்தில் இருந்தது. மூன்று தடவை பேனாவைத் திறந்தாள், மூன்று தடவை மூடினாள். மகளுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடலாம்; ஒரு நாளைக்குத் தெரியத்தான் போகிறது. அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் இருபத்துநாலு முகம். ஏழாம் வகுப்பு மூன்று பேர் யார் யார் என்று அவளுக்கு வருகைப் பதிவில் பெயராகத்தான் தெரியும். முகம் தெரியாது; அவர்கள் முகத்தை அவள் ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை. இரண்டரை மணிக்கு மேலிடத்து ஆள் ரெயின்கோட்டோடு வந்து, "கவர் ரெடியா?" என்றான். ஹெச்.எம். உள்ளேயிருந்து, "யாரும் கிடைக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

மையில் இருபத்துநாலு என்று எழுதினாள். ஈரத்தாளில் நாலின் கால் கொஞ்சம் ஊறிப் பருத்தது. ஹெச்.எம். கையெழுத்துப் போட்டார். கவர் போய்விட்டது. போன கையோடு மனம் லேசானது. மகளுக்கு ஒன்றும் ஆகாது, வீட்டுக்கு நிமிர்ந்து போகலாம். மனம் லேசானதை நினைத்து அடுத்த நிமிஷமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

நாலு மணிக்கு டீச்சர் வந்தாள். ஆபீஸில் வேறு யாரும் இல்லை. கிளார்க்கம்மா எழுந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் எந்த ஆளிடமும் வாய் திறந்து பேசாத மலைப்பேச்சில், "இருபத்துநாலுதான் தங்கச்சி. அனுப்பிட்டேன்" என்றாள்.

அதிர்ச்சி அடைவாள், ஆத்திரப்படுவாள், குறைந்தபட்சம் 'நீங்களா?' என்றாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரிக்கா" என்றாள், அதே பேச்சில்.

"உனக்குத் தெரியுமா?"

"வந்த முதல் மாசமே தெரியும். கிரவுண்டுல பிள்ளைங்க தலையை எண்ணிக்கிட்டு நின்னீங்க. உதடு அசைஞ்சுது. நம்ம பேச்சுலதான் எண்ணினீங்க."

"அப்ப ஏன் என்கிட்ட எதுவும் கேக்கலை? என் பொண்ணு இங்கதான் படிக்கறான்னு தெரியும். நேத்தாவது கேட்டிருக்கலாமே?"

"கேக்கத்தான் வந்தேன். வாசல்ல நின்னப்புறம் மனசு வரலை. இவ்வளவு வருஷமா ஒருத்தர் கஷ்டப்பட்டு மூடி வெச்சிருக்கிறதை, எனக்கு ஆகணும்ங்கறதுக்காக எப்படித் திறக்கச் சொல்றது?" டீச்சர் மேஜையில் இருந்த ரப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிள்ளைங்களுக்கும் தெரியும்க்கா."

"எந்தப் பிள்ளைங்களுக்கு?"

"நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும். புதுசா யார் சேர்ந்தாலும் முதல் நாள் ரெண்டு விஷயம் சொல்லுவேன். பாத்ரூம் எந்தப் பக்கம்னு ஒண்ணு. ஆபீஸ்ல இருக்கிற அம்மா நம்ம ஆளு, ஆனா அவங்ககிட்ட நம்ம பேச்சுல பேசிடாதீங்க, அவங்களுக்குச் சங்கடம்னு இன்னொண்ணு. ஆறு வருஷத்துல ஒரு பிள்ளைகூடத் தவறிப் பேசினதில்ல."

கிளார்க்கம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்குத் திங்கக்கிழமையே டி.சி. கொடுத்தது நான்தான். சீக்கிரம் போகட்டும்னு..."

"அவங்க அப்பா போகும்போது என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனார். எல்லா ஆபீஸ்லயும் நாள் கணக்கா நிக்க வைப்பாங்க, மேடம் பத்து நிமிஷத்துல கொடுத்துட்டாங்க, நம்ம ரத்தம் இல்லையான்னார்." டீச்சர் எழுந்தாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த அலுப்புதான் இருந்தது. "ஆர்டர் வந்தா டைப் அடிச்சு வைங்கக்கா. வாங்கிக்கறேன்."

மணி அடித்தது. கிளார்க்கம்மா ஆபீஸைப் பூட்டிக்கொண்டு வந்தபோது முன் வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. எல்லா நம்பரும் மழை விடுவதற்காகக் காத்துக்கொண்டு, பையைத் தலைமேல் வைத்தபடி முண்டியடித்தன. தூண் ஓரமாக மலைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நடுவில் இருந்தாள். ஏழாம் வகுப்புச் சின்னவள் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிளார்க்கம்மா அவர்களிடம் போனாள். முதல்முறையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சின்னவளுக்கு, செத்துப்போன தன் அம்மாவின் நெற்றி இருப்பது மாதிரித் தோன்றியது. சுற்றிலும் அத்தனை பேரும் கேட்கும்படி, மலைப்பேச்சில், "நனையாமப் போங்க கண்ணுங்களா. கொஞ்ச நேரத்துல விட்டுடும்" என்றாள்.

பிள்ளைகளின் பேச்சு சட்டென்று நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் சிரித்தபடி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பெரியவள் அவள் கையை அழுத்தி நிறுத்தினாள். பிறகு அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மேடத்துக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்கிற அக்கறையோடு, எல்லோரும் பேசுகிற பொதுப் பேச்சிலேயே மரியாதையாகச் சொன்னாள்:

"சரிங்க மேடம்."